பதினோரு நீலத் தொப்பிகள்

1955, அக்டோபர் 12

ஹில்லெகோம் நகரின் முடிசூடாச் சக்கரவர்த்தியாகிய கிரெலிஸ் என்னும் நான், இன்று காலை பதினோரு ஹயசிந்த் பூக்கிழங்குகளுக்குப் பட்டாபிஷேகம் செய்துவைத்தேன். ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை, கழுத்து ஒடுங்கியது. கிழங்கு மேலே அமரும். தண்ணீர் அதன் அடிக்கு ஒரு நூல் கீழே நிற்கும். தொட்டால் அழுகிவிடும். தலைக்குச் சர்க்கரை கட்டிவரும் நீலத்தாளில் செய்த கூம்புத் தொப்பி, தொப்பியில் பென்சிலால் எண். பிறகு ஊர்வலமாக நிலவறைக்கு இறக்கினேன். புத்தாண்டு வரை அங்கே குளிரும் இருட்டும்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

வாங்கியது பன்னிரண்டு. ஒன்று அமுக்கினால் மெத்தென்றது, தோட்டத்தில் எறிந்தேன். முப்பத்தைந்து வருஷம் கிழங்குக் கிடங்கில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டவன் நான். இருந்தும் கிழங்குத் தூசி பட்ட கை இன்னும் அரிக்கிறது. நன்றிகெட்ட குடிமக்கள்.

“டேய், உருளைக்கிழங்கு வைக்க இடம் விட்டியா, இல்ல மொத்தத்தையும் உன் பரிவாரத்துக்கே குடுத்துட்டியா?” என்று டிர்க்யே அக்கா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

அக்கா மகள் லெய்ஸ்பெத் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது, வாய் மட்டும் அறுபது. “மாமா, போன வருஷம் உங்க பூ வாசனைக்கு ஆம்ஸ்டர்டாம் ரயில் நின்னுச்சுன்னீங்க. இந்த வருஷம் என்ன நிக்கும்?”

“கப்பல்டி. நடுக்கடல்லேருந்து மோப்பம் பிடிச்சுக்கிட்டே வரும்.”

அவள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் வேலியில் முட்டியது.

நவம்பர் 3

தொப்பிகள் அசையவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறக்கும்போதே கொடுக்கப்படவில்லை. அம்மா என்னை ஏழாம் மாதமே பெற்றதாக அக்கா சொல்வாள். காத்திருக்கப் பிடிக்காமல் நானே வந்திருப்பேன்.

நவம்பர் 17

லெய்ஸ்பெத் போன வாரம் கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்தாள். தலையில் சின்ன வீக்கம். “தரைக்குத்தான் அடி பலம்” என்று நானே கேலி செய்தேன்.

இன்று காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். “அம்மா, இடது கண்ணுல ஓரத்துலேருந்து ஒரு கறுப்புத் திரை ஏறுது.”

சாயங்காலத்துக்குள் பாதிக் கண்ணை மூடிவிட்டது. நான் ஏன் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை? என்ன கேலி எனக்கு? என்ன கேலி வேண்டிக்கிடக்கு!

நவம்பர் 22

லைடன் ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்தது. கண்ணுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தாள் ஒன்று பிய்ந்துவிட்டதாம். ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது பிடிக்குமா என்று கேட்டேன். டாக்டர் தன் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். “அது நம்ம கையில இல்ல. அவ அசையாம இருக்கறதுல இருக்கு” என்றார்.

டிசம்பர் 7

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நிலவறைக்கு நேர் மேலே, ஐந்து படி ஏறிப் போகும் மேட்டறையில் கட்டில். இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரு கண் பார்த்தால் மற்றதும் கூடவே அசையுமாம். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை. ஜனவரி 18 வரை இப்படியே. குனியக்கூடாது, தும்மக்கூடாது, இருமக்கூடாது. கட்டைத் தளர்த்தவே கூடாது. ஒட்டியது விட்டால் அந்தக் கண் போனதுதான். வலது கண்ணிலும் அந்தத் தாள் மெலிந்துதான் இருக்கிறதாம்.

சிரிக்கவும் கூடாது.

அக்கா என்னைத் தனியாக இழுத்துப்போனாள். “கிரெலிஸ், உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அவளைச் சிரிக்க வெக்காத.”

ஐம்பத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

டிசம்பர் 11

அவளுக்குத் தினமும் கிழங்குச் சேதி வேண்டுமாம். படுக்கையில் செய்ய வேறென்ன இருக்கிறது. நான் பாதிரியாரின் முகத்தை வரவழைத்துக்கொண்டு அறிக்கை வாசித்தேன்: “பதினொன்றும் கூரையை இடித்துவிட்டன. உன் கட்டில் ஒரு சாண் உயர்ந்ததை நீ கவனிக்கவில்லையா?”

உதடு கோணியது. சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“இல்ல மாமா. ஏழு மட்டும்தான் தூக்கிருக்கு. ஒரு விரக்கடை.”

நான் நான்கு நாளாக நிலவறைக்குப் போகவே இல்லை. அக்கா முழங்கால் வலியால் இறங்குவதே இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். நாலு மணிக்கே வெளிச்சம் செத்துவிடும் காலம். கீழே பதினோரு நீலத் தொப்பிகள், சபை கூடிய குள்ளச் சாமியார்கள் போல. பத்து கிழங்கோடு ஒட்டிக் கிடந்தன.

ஏழாவது ஒரு விரக்கடை தூக்கியிருந்தது.

டிசம்பர் 13

தற்செயல்தான். நூறு தடவை குருட்டாம்போக்கில் சொன்னால் ஒருமுறை பலிக்கும்.

டிசம்பர் 14

“இரண்டு. அப்புறம் பதினொண்ணு. பதினொண்ணோட தொப்பி சாஞ்சிருக்கு, நேராக்கி விடுங்க மாமா.”

இறங்கிப் பார்த்தேன். நேராக்கிவிட்டு வந்தேன்.

தினமும் சைக்கிளில் வரும் ஆகத் என்ற நர்ஸிடம் சொன்னேன். பனிக்கட்டியில் செய்த பெண்மணி. “கண்ணைக் கட்டினா காது நீளும், ஐயா. அது தாள் உரசற சத்தம்” என்றாள்.

“எண்ணுமா கேக்கும்?”

“உங்க பேச்சை நம்பற ஆளா நான்? பூ வாசனைக்கு ரயிலை நிறுத்தின கதை ஊருக்கே தெரியும்.”

இதுதான் என் தண்டனை. வாழ்நாளில் முதல்முறையாக உண்மை சொல்கிறேன், கேட்க ஆள் இல்லை. அக்கா மட்டும் நம்பினாள். “வெளிய மூச்சு விடாத” என்றாள். “பாதிரியார் வந்து உக்காந்துக்குவார்.”

டிசம்பர் 16

ஒரு திட்டம். கிறிஸ்துமஸ் காலையில் லெய்ஸ்பெத்தின் தலைமாட்டில் ஒரு பூ விரிந்திருக்க வேண்டும். பார்க்க முடியாவிட்டால் என்ன, மூக்கைக் கட்டவில்லையே. ஜனவரிவரை யார் காத்திருப்பது?

ஒன்பதாம் எண்ணை யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து, மாடியில் என் அறையில், புகைபோக்கிச் சுவரை ஒட்டிய ஜன்னலில் வைத்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டேன். வெதுவெதுப்பும் வெளிச்சமும் கிடைத்தால் ஓட்டமாக ஓடிவரும். காலுறையோடு பூனை மாதிரி நடந்தேன். படி ஒன்றுகூட முனகவில்லை.

டிசம்பர் 17

காலையில் கஞ்சி ஊட்டப் போனேன். வாயைத் திறக்கவில்லை.

“மாமா, ஒன்பது எங்க?”

“எங்க போகும்? கீழதான்.”

“கீழ பத்துதான் இருக்கு. அது வெளிச்சத்துல நிக்குது. தொப்பி இல்லாம. அதுக்குப் பிடிக்கல.”

பொய் சொன்னேன். என் வாழ்நாளில் இவ்வளவு மோசமாகச் சொன்ன பொய் இன்னொன்று இல்லை.

டிசம்பர் 20

போரின் கடைசிக் குளிர்காலத்தில் நாங்கள் டூலிப் கிழங்கை அவித்துத் தின்றோம். லெய்ஸ்பெத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. தினமும் இரண்டு. அவித்த பஞ்சுமெத்தை போல இருக்கும்.

இன்று நிலவறையில் நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது. நாம் அவற்றைத் தின்றோம் என்று அவற்றுக்குத் தெரியுமா? நமக்குள் போனவை நமக்குள்ளேயே எங்கேயாவது முளைவிட்டுக்கொண்டு இருக்குமா?

இதையெல்லாம் எழுதுபவன் நான்தானா? நேற்றுவரை கேலி எழுதிக்கொண்டிருந்தவன் எங்கே போனான்?

டிசம்பர் 22

இரண்டு விஷயம்.

ஒன்று. ஒரு தொப்பியை நூலளவு தூக்கிப் பார்த்தேன். முளை வெளிறிய மஞ்சள், கட்டைவிரல் கனம். சாய்ந்திருந்தது. அடுத்ததும் சாய்ந்திருந்தது. பத்தும் ஒரே பக்கம். ஜன்னல் பக்கம் என்றால் புரியும். எங்கள் நிலவறைக்கு ஜன்னலே கிடையாது. அவை சாய்ந்த திசையில் மேலே அண்ணாந்து பார்த்தேன். பலகைக் கூரை. அதற்கு மேல் அவளுடைய தலையணை.

இரண்டு. ஆகத் இன்று மேல்சுற்றுத் துணியை மாற்றினாள். உள்ளே வைத்த பஞ்சில் கை வைக்கவில்லை. கழற்றிய துணியை மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடி கொண்டுபோனாள். என்னிடம் நீட்டினாள்.

ஹயசிந்த் வாசனை. வீட்டில் ஒரு மொட்டுகூட இன்னும் நிறம் காட்டவில்லை.

“நீங்க ஏதாவது தெளிச்சீங்களா, ஐயா?”

“சத்தியமா இல்ல.”

இந்த முறை நம்பினாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தன் பையை மூடிக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

டிசம்பர் 25

அக்கா காலை ஆராதனைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

என் அற்புதம் நேற்றே நாறிவிட்டது. ஒன்பதாவது பூத்தது. ஆனால் எழும்பவில்லை. தண்டு நீளும் முன்பே வெளிச்சத்தைக் கண்டு அவசரப்பட்டு, இலைகளின் நடுவே கழுத்து சிக்கி, உள்ளேயே விரிந்திருக்கிறது. பாதி மணிகள் நசுங்கிப் பழுப்பு. சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிடங்கில் புதிதாய் வந்த பெண்பிள்ளைகூடச் செய்யாத தப்பு. கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

மேட்டறையில் சின்னக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உருகும் வாசனை அவள் மூக்குக்குப் போயிருக்கும்.

“எத்தனை ஏத்திருக்கீங்க?”

“ஆயிரத்து நானூறு.”

“மாமா.”

“பன்னெண்டு.”

“ஒரு தடவை பாக்கறேன். ஒரே ஒரு தடவை. வலது பக்கம் மட்டும், கட்டை விரல் நுனி அளவுக்குத் தூக்கி விடுங்க. இருட்டு என் மேல உக்காந்துருக்கு மாமா. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். ஆகத்துக்குத் தெரியாது.”

“டாக்டர் சொன்னது கேட்டியா இல்லையா?”

“ஒன்பதுக்கு மட்டும் தொப்பியை எடுத்தீங்களே.”

பிறந்ததிலிருந்து இந்தப் பெண் கேட்ட எதையும் நான் மறுத்ததில்லை. மிட்டாய், நாய்க்குட்டி, அப்பன் சாவுக்குப் போகாமல் என்னோடு கால்வாய்க்கரையில் உட்கார்ந்திருக்க அனுமதி. கை தானாகப் போனது. முடிச்சு காதுக்குப் பின்னால் இருந்தது. விரல் அதைத் தொட்டுவிட்டது. ஒரு இழுப்புதான்.

அப்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். கீழே நிலவறையில் ஒரு சத்தம் நின்றதுபோல் இருந்தது. அதுவரை அப்படியொரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. அது நின்ற பிறகுதான் தெரிந்தது. வீடே மூச்சு விடாமல் என் விரலைப் பார்த்தது.

கையை எடுத்தேன். மாடிக்கு ஓடினேன். ஒன்பதாவதைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன்.

“இதோ. நான்தான் எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு உனக்கு வாசனை வேணும்னு. பொறுக்க முடியல. தொட்டுப் பாரு.”

விரல்கள் இலையோரமாக இறங்கின. எங்கள் கிடங்கில் ஒரு நாளைக்கு ஆயிரம் கிழங்கை இருட்டிலும் தரம் பிரிக்கிற விரல்கள். உள்ளே சிக்கிய பூவைத் தொட்டதும் நின்றன. நீண்ட நேரம் அங்கேயே இருந்தன.

“கழுத்துலயே நின்னுடுச்சு” என்றாள்.

“ஆமா.”

“இனிமே ஏறாது இல்ல?”

“ஏறாது.”

அழத் தொடங்கினால் கண்ணுக்குக் கேடு. அவளுக்கும் அது தெரியும். வாயைத் திறந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக மூச்சு விட்டாள். “மெழுகுவர்த்தியை அணைச்சுடுங்க மாமா. கூரை பத்திக்கப் போகுது.”

கீழே அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. யார் படிக்கப்போகிறார்கள், நான் மிகைப்படுத்த?

டிசம்பர் 26

கட்டைத் தூக்கும்படி அவள் கேட்கவில்லை.

டிசம்பர் 28

இன்றும் கட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

1956, ஜனவரி 2

எண்ணெயில் பொரித்த உருண்டைகள் தின்று வயிறு கோபுரமாகியிருக்கிறது. லெய்ஸ்பெத்துக்கு இரண்டைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன். சர்க்கரைத்தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரப்பார்த்தது. அக்கா ஓடிவந்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் சிலையானோம். போய்விட்டது.

“மேல கொண்டு வாங்க” என்றாள் பிறகு. “ஆறும் பத்தும் தவிர. அதுங்க ரெண்டும் இன்னும் தயாராகல.”

மற்ற எட்டையும் தொப்பியோடு கொண்டுவந்து அவள் அறை அலமாரியில் வரிசையாக வைத்தேன். தொப்பியை நான் எடுக்கவில்லை. எப்போது வேண்டாமோ அப்போது அவையே தள்ளிவிடட்டும். ஆறையும் பத்தையும் பார்த்தேன். முளை அரை விரல்கூட இல்லை.

ஜனவரி 9

நிலவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண் போய்விட்டால் அவள் எப்படித் தரம் பிரிப்பாள், எப்படிச் சைக்கிள் ஓட்டுவாள், யார் கட்டிக்கொள்வார்கள் – வெட்கமில்லாமல் மூக்குச்சளி ஒழுகும்வரை. சத்தம் வராமல் தொப்பியை வாயில் அடைத்துக்கொண்டு. என் தொப்பியைத்தான்.

மேலே வந்து, தொண்டையைச் செருமி, “என்னடி மகாராணி?” என்றேன்.

“கீழ போய் அழாதீங்க மாமா. ஆறாவது அதையே கேட்டுக்கிட்டு நிக்குது. வளரவே மாட்டேங்குது.”

ஜனவரி 12

நான்காவதன் தொப்பி விழுந்தது. மத்தியானம், அக்கா பட்டாணிக் கஞ்சியோடு நுழையும்போது தொப்பி தானாகச் சரிந்து தரையில் விழுந்தது. அக்கா தட்டைக் கீழே போட்டாள். வெள்ளைப் பூ. ஒரு மணி நேரத்தில் ஏழாவது, பிறகு இரண்டாவது. யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை.

லெய்ஸ்பெத் தலையைத் திருப்பவில்லை. “எனக்கு அவசரமில்ல” என்றாள். யாருக்குப் பதில் சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஜனவரி 18

லைடன். இருட்டறை. டாக்டரும் அவளும் உள்ளே. நானும் அக்காவும் பெஞ்சில். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் எலும்பில் பதிந்தது.

ஒட்டியது பிடித்திருக்கிறது.

இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, விரல் அசைவது தெரிகிறது. எத்தனை விரல் என்று தெரியவில்லை. இதற்கு மேல் பார்வை வருமா என்று கேட்டேன். “வந்தா மெதுவாத்தான் வரும். மே மாசம் வரைக்கும் படிப்பு, தையல் எதுவும் கூடாது. அதுவரைக்கும் சோதிச்சுப் பாக்காதீங்க” என்றார். நடுவில் குண்டூசித் துளை மட்டும் விட்ட கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள், கண் அலையாமல் இருக்க. நான் அவளை ஆந்தை என்று சொல்லலாம் என்று அக்கா அனுமதி தந்தாள்.

பிப்ரவரி 8

கால்வாய் அடிவரை உறைந்துகிடக்கிறது. மீன்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மைகள்.

“கீழ ஆறும் பத்தும் எப்படி இருக்கு?” என்று இன்று லெய்ஸ்பெத்தைக் கேட்டேன்.

அந்தத் துளைக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். “எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே பாக்கணும்.”

“முன்னாடி சொன்னியே.”

“என்ன சொன்னேன்?”

விளையாடுகிறாளா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. கட்டோடு கிடந்த வாரங்களில் கஞ்சியின் ருசியும் மணல்மூட்டையின் கனமும் நினைவிருக்கிறதாம். கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாகவே நினைவில்லையாம். அக்கா என் பாதத்தை மிதித்தாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 26

ஆறும் பத்தும் பூத்தன. எல்லாவற்றிலும் உயரம். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மார்ச் 30

சோதிக்கக் கூடாது. வாயில் வருகிறது, “இது எத்தனை விரல்?” என்று. விழுங்குகிறேன். கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். பையில் கை இருக்கும் மனிதனாக ஊரில் எனக்குப் பெயர் வந்துவிட்டது.

ஏப்ரல் 21

வயல் முழுக்கப் பூ. பார்க்க வந்தவர்களின் பேருந்துகள் தெருவை அடைக்கின்றன. லெய்ஸ்பெத் வாசலில் நிற்கிறாள். எந்தக் கண்ணால் பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

மே 9

வயல்களில் கிழங்கு பருக்கட்டும் என்று டூலிப் பூத்தலைகளைக் கிள்ளி எறியும் வேலை தொடங்கிவிட்டது. கால்வாயில் சிவப்பும் மஞ்சளும் மிதக்கின்றன.

காலையில் லைடனிலிருந்து கடிதம்: இனி கிட்ட இருந்து பார்க்கும் வேலைகள் செய்யலாம்.

அக்கா தையல்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“வலது கண்ணை யாராவது மூடுங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்” என்றாள் லெய்ஸ்பெத்.

நான் பின்னால் நின்று என் கரிபிடித்த உள்ளங்கையால் அவள் வலது கண்ணைப் பொத்தினேன். நூல் ஊசியின் ஓரத்தில் மோதி வளைந்தது. மறுபடி வளைந்தது. அவள் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டாள். அக்கா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பில் எதுவும் இல்லை. நான் எண்ணவில்லை. நகரவில்லை. சாயங்காலம்வரை அப்படியே நின்றிருப்பேன்.

அவள் இமை என் உள்ளங்கையில் ஒருமுறை படபடத்தது. “கையை எடுங்க மாமா. கோத்தாச்சு.”